தனித்துப் படித்தலும் தாமே கற்றலும்

விரிவுரையைக் குறைத்து, மாணவரைத் தாமே கற்கவிட வேண்டும் என்னும் கருத்து இறையியற் கல்வியில் வேரூன்றியுள்ளது. அதன் நோக்கத்தை நாம் ஏற்கிறோம். ஆயினும், நடைமுறையில் அது பெறும் வடிவத்தைச் சீர்தூக்கிப் பார்த்தல் நம் கடமையாகும்.

இதற்கு நாம் அறிந்த சிறந்த சான்று விரிவாக்க இறையியற் கல்வியாகும். 1963இல் குவாத்தமாலா நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் இறையியற் கல்லூரி இதனைத் தொடங்கிற்று. குடும்பத்தையும் பிழைப்பையும் விட்டுவர இயலாத சபைத் தலைவர்கள் வீட்டிலிருந்தே படித்தனர். ஆசிரியர்கள் அவர்கள் பகுதிக்குச் சென்று வாரந்தோறும் கலந்துரையாடினர். இந்தியாவில் 1971இல் தோன்றிய டாப்டீ அமைப்பும் வீட்டுப் படிப்பையும் குழுக் கலந்துரையாடலையும் இணைத்தது. இறையியலைக் கல்லூரி மதிலுக்கு வெளியே கொண்டுசென்ற இப்பணி பெரிது.

குறை எங்கே? இவ்வியக்கம் பெரிதும் கையாண்ட நிரல்வழிப் பாடநூலில். அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் 1950களில் வளர்த்த முறை அது. பாடம் சிறு படிகளாகப் பிரிக்கப்படும். படிக்கொரு வினா உண்டு. மாணவர் விடையெழுதி உடனே சரிபார்த்துக்கொள்வார். எபிரெய வினைச்சொற்களைப் பயில இது நன்று. ஆனால், வினாவும் நூலாசிரியருடையது, விடையும் அவருடையதே. விரிவுரையில் செவிவழி நடந்த மனப்பாடம் இங்கே காகிதத்தில் நடக்கிறது. மாணவர் தனித்திருக்கிறார், தாமே கற்கவில்லை. சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டத்தின்முன் நிற்கும் ஆயருக்கு எந்நூலும் விடையை அச்சிட்டுத் தருவதில்லை.

கல்வியாளர் டெட் வார்ட் இக்கல்வியை ஒரு வேலிக்கு ஒப்பிட்டார். மேற்கட்டை பாட அறிவு, கீழ்க்கட்டை களப்பணி, இரண்டையும் தாங்கும் கம்பங்கள் கலந்துரையாடல்கள். ஆசிரியர் பற்றாக்குறையைச் சரிக்கட்ட இம்முறையை நாடும் கல்லூரி முதலில் குறைப்பதோ சந்திப்பு நேரத்தையே. கம்பம் பிடுங்கிய வேலி நிற்குமோ?

அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவைத் தனியே வாசிக்கிறார். பிலிப்பு அருகில் அமர்ந்த பின்னரே, தீர்க்கதரிசி யாரைக் குறித்துப் பேசுகிறார் என்னும் வினாவை எழுப்புகிறார். பிலிப்பு அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறார். பின்பு, மந்திரி தம் வழியே மகிழ்ச்சியோடு போகிறார்.

ஆகவே, மாணவர் தம் சபையில் எழுந்த வினாவை எழுதிக்கொண்டு வரட்டும். ஆசிரியர் அதனைக் கூர்மைப்படுத்தி, நூல்களைச் சுட்டி, வாரம் ஒருமுறையேனும் எதிரே அமர்ந்து கேட்கட்டும். விரிவுரை ஆற்றுவதைவிட இது கடினமான உழைப்பு. அதற்கு ஆயத்தமில்லாதோர் விரிவுரையோடு அமைவதே நேர்மை.