ஈரக் கணப்பும் உலர்ந்த கணப்பும்

அரிஸோனா என்றதும் பாலைவனத்து வெயிலே நினைவுக்கு வருமாயினும், கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கின் தென்விளிம்பு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருப்பதால், ஜனவரி இரவுகளில் அங்கே உஷ்ணமானி உறைநிலைக்கு எட்டு டிகிரி கீழே இறங்குவது சர்வ சாதாரணம். விளிம்பை ஒட்டிப் பாண்டெரோஸா பைன் மரங்களுக்கிடையே, வருஷம் முழுவதும் திறந்திருக்கும் மேதர் முகாமில், பதினாறு அடி நீளமுள்ள எங்கள் டிரெய்லரை நிறுத்தி நானும் என் மனைவியும் மூன்று இரவுகள் தங்கினோம். புதிதாக வாங்கிய புரொபேன் ஹீட்டர் ஒன்றைப் பரீட்சித்துப் பார்ப்பதே அந்தப் பிரயாணத்தின் பிரதான நோக்கம்.

ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடிய சாதனம் அது. ஒரு பவுண்டு சிலிண்டரைப் பக்கவாட்டில் திருகிப் பொருத்தி, குமிழை அழுத்திப் பிடித்துத் திருப்பினால், பைலட் சுடர் நீலமாகப் பற்றிக்கொள்ள, சற்றைக்கெல்லாம் பீங்கான் தகடு தணலாகச் சிவக்கிறது. மணிக்கு 4,000 பி.டி.யு., 9,000 பி.டி.யு. என்று இரண்டு நிலைகள். 1,500 வாட் மின்சார ஹீட்டர் முழு மூச்சாக வேலை செய்தாலும் 5,100 பி.டி.யு.வுக்குச் சற்று மேல்தான் தரும் என்பதையும், மேதர் முகாமில் மின் இணைப்பே கிடையாது என்பதையும் எண்ணிப் பார்த்தால், இதன் கவர்ச்சி எளிதில் விளங்கும். முதல் நாள் மாலை கால் மணி நேரத்தில் விரல்கள் இளகின, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டோம்.

ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஹீட்டர் தானாக அணைந்தது. மறுபடி ஏற்ற, மறுபடியும் அணைந்தது. சிலிண்டரைக் குலுக்கிப் பார்த்தேன்; வாயு இருந்தது. உபயோகக் குறிப்பைப் புரட்டிய பிறகே, 7,000 அடிக்கு மேல் அணைந்துவிடக்கூடும் என்ற பொடி எழுத்து வாசகம் கண்ணில் பட்டது. அறையில் பிராணவாயு குறைந்தால் வாயுவைத் தானே நிறுத்திவிடும் காவல் ஒன்று அந்தப் பைலட் சுடரில் அமைந்திருக்கிறது. உயரத்தில் காற்றே மெலிந்திருப்பதால், அதையும் குறைவென்றே கொண்டு அது செயற்படுகிறது. காவல் இருப்பது பெரிய நன்மை. எனினும், மலைப் பிரதேசத்துக்குப் போகிறவன் பணம் கொடுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய அந்தச் செய்தி அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மறுநாள் விடியலில் கண்டதுதான் என்னை அதிகம் கவலைக்குள்ளாக்கியது. ஜன்னலின் அலுமினியச் சட்டம் நெடுகிலும் நீர்த்துளிகள் உறைந்து, ஜவ்வரிசியைக் கோத்தாற்போல் நின்றன. சுவரோரம் கிடந்த தலையணையின் மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தபோது சரசரவென்று பிரிந்தது. மெத்தையைத் தூக்கினால் அதன் அடிப்பக்கம் சில்லென்று நனைந்திருந்தது. ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஜலம் ஆவியாக உண்டாகும் என்பது ரசாயனக் கணக்கு. புகைபோக்கி இல்லாத அந்த ஹீட்டர், ஒரு சிறு சிலிண்டர் தீர்வதற்குள் முக்கால் லிட்டர் ஜலத்தை அறைக்குள்ளேயே விட்டுவிடுகிறது. இருவரின் சுவாசமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. நனைந்த போர்வை உடலின் உஷ்ணத்தைக் காப்பதில்லை. ஆகையால் மாலையில் பெற்ற சுகத்துக்கு விடியற்காலையில் வட்டியோடு கொடுக்க நேர்ந்தது.

இரண்டாம் இரவு அந்த ஹீட்டரை மூட்டை கட்டிவிட்டு, வண்டியோடு வந்த 16,000 பி.டி.யு. ஃபர்னஸையே நம்பினோம். எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் ஆவியையும் வெளியிலேயே தள்ளி, இடையிலுள்ள உலோக அறையின் சூட்டை மட்டும் விசிறியால் உள்ளே அனுப்பும் யந்திரம் அது. விசிறி இரைச்சலிட்டு என் மனைவியை இரண்டு முறை எழுப்பியது உண்மை. காலையில் மெத்தையின் அடியில் கை வைத்தால் உலர்ந்திருந்ததும் உண்மை. முன்பக்கத்து இருபது பவுண்டு சிலிண்டர் ஒன்றே நான்கு இரவுகளுக்குத் தாராளமாகப் போதும். முட்டுப்பாடு பாட்டரியில்தான்: விசிறி மூன்று ஆம்பியர் வீதம் இரவில் ஆறு மணி நேரம் ஓடினால் பதினெட்டு ஆம்பியர்-மணி செலவாகிறது, எண்பது ஆம்பியர்-மணி கொண்ட ஈய-அமில பாட்டரியில் பாதிக்கு மேல் எடுப்பது அதன் ஆயுளுக்குக் கேடு, குளிரிலோ அந்தப் பாதியும் சுருங்கிவிடுகிறது. ஜனவரிச் சூரியன் தாழ்ந்தே செல்வதால், பைன் நிழலில் கிடந்த சூரியத் தகடு ஈடு செய்தது கொஞ்சமே.

ஆகவே, சிறிய டிரெய்லரில் குளிர்காலத்தைக் கழிக்க விரும்புகிறவர்கள் அந்த ஹீட்டருக்கான பணத்தை இரண்டாவது பாட்டரியில் போடுவதே உசிதம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், உயரம் குறைந்த இடங்களில், ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்துவைத்து, விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் ஏற்றுங்கள். எந்தக் காவல் அமைந்திருந்தாலும் அதை எரியவிட்டுத் தூங்காதீர்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்வது. தூங்குகிறவனை அது எழுப்புவதில்லை. அதற்கான அலாரத்தின் பொத்தானை ஒவ்வோர் இரவும் அழுத்தி, அது கூவுவதைக் காதால் கேட்ட பிறகே நாங்கள் விளக்கை அணைத்தோம்.