விளையாட்டுப் பெட்டியில் விளைந்த இசை – ஒரு மதிப்பீடு

“இதெல்லாம் ஒரு பாட்டா? காதுகிட்ட கொசு கத்துற மாதிரி இருக்கே!” என்பது வீட்டுப் பெரியவர்களின் தீர்ப்பு. “நாலே நாலு குரலை வெச்சுக்கிட்டு என்னமா போட்டிருக்காங்க பாருங்க!” என்பது பிள்ளைகளின் தீர்ப்பு. ‘கேம் பாய்’ எனப்படும் கையடக்க விளையாட்டுப் பெட்டியைத் திறந்து, மாற்றியமைத்து, அதையே இசைக்கருவியாக்கிப் பாட்டு அமைக்கும் ஒரு மரபு உலகில் கால் நூற்றாண்டாக இருந்து வருகிறது. ‘சிப்டியூன்’ என்று அதற்குப் பெயர். அதைக் கேட்பவர்களிடம் பெரும்பாலும் மேற்சொன்ன இரண்டு தீர்ப்புகளில் ஒன்றுதான் கிடைக்கிறது. ஒன்று கேட்காமலே ஒதுக்குகிறது. மற்றது பாட்டை விட்டுவிட்டுப் பெட்டியைப் பாராட்டுகிறது. இந்த இசையை இசையாக வைத்து எடை போட முடியுமா, அதற்கு எது அளவுகோல் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டியின் கதை

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் கேம் பாயை 1989இல் வெளியிட்டது. நாலு பென்சில் செல்லில் ஓடும். திரையில் வண்ணம் கிடையாது. பின்னால் வந்த ‘கேம் பாய் கலர்’ வகையையும் சேர்த்து 11 கோடிக்கும் மேல் விற்றது. இந்தியாவில் வளர்ந்த நம் பிள்ளைகளின் கையில் 1990களில் அதிகம் புழங்கியது ‘பிரிக் கேம்’ என்ற மலிவுப் பெட்டி. கட்டை அடுக்கும் ஆட்டம் இரண்டிலும் உண்டு என்றாலும், கேம் பாயின் உள்ளே முறையான ஓர் ஒலிப்பகுதி இருந்தது. அதுதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை.

1998இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆலிவர் விட்சோவ் ‘நானோலூப்’ என்ற இசை மென்பொருளை இந்தப் பெட்டிக்காக எழுதினார். 2000இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோகான் கோட்லின்ஸ்கி ‘லிட்டில் சவுண்ட் டிஜே’ என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். விளையாட்டு கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்தில் இதைச் செருகினால் போதும்; விளையாட்டுப் பெட்டி இசை எழுதும் பலகையாகிவிடும். உண்மையில் பெரிய மாற்றம் இதுதான். திருப்புளி எடுத்துப் பெட்டியைப் பிரிப்பதெல்லாம் அதற்கு அடுத்த கட்டம்.

நான்கு குரல்கள்

பெட்டிக்குள் இருப்பவை நான்கே குரல்கள். இரண்டு, சதுர அலையில் பாடுபவை. மூன்றாவது, நாமே வரைந்து கொடுக்கும் சிறிய அலை வடிவத்தைத் திரும்பத் திரும்ப ஒலிப்பது. அந்த வடிவத்துக்கு 32 புள்ளிகள்தான் இடம். நான்காவது வெறும் இரைச்சல்; தாளத்துக்கு உதவும்.

சதுர அலைக் குரல்களால் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க முடியாது. மூன்றாவது குரல் 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆகவே அடித்தளச் சுரம் பெரும்பாலும் மூன்றாவதிடம் போகிறது. ஆனால் அதற்கு ஒலியளவு, மௌனத்தையும் சேர்த்து, நாலே படிதான். மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கு என்றால் அடங்காது. ஒரே குரலில் மூன்று சுரம் சேர்ந்து கேட்க வேண்டுமென்றால் அவற்றை அதிவேகமாக மாற்றி மாற்றி ஒலிக்கிறார்கள். காது ஏமாந்து சேர்ந்தொலிப்பதாக நினைத்துக்கொள்கிறது. இந்த இசையின் அடையாளமாக நாம் கேட்கும் அந்த ‘கிர்ர்ர்’ ஒலி அலங்காரத்துக்காக வந்ததல்ல, பற்றாக்குறையில் பிறந்தது.

மாற்றங்களில் எது தேவை?

பெட்டியைத் திறந்து செய்யும் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது ஒலிக்காகச் செய்வது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்துக்கு முன்பே கம்பியை ஈயம் வைத்து இழுத்துத் தனி வெளியீடு தருகிறார்கள். இரைச்சல் குறைந்து அடித்தள ஒலி திடமாகிறது. வினாடிக்கு சுமார் 42 லட்சம் தடவை துடிக்கும் உள்கடிகாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தால் சுருதியும் வேகமும் சேர்ந்தே வளைகின்றன. இரண்டாவது வசதிக்காகச் செய்வது: இருட்டு மேடையில் திரை தெரியப் பின்விளக்கு வைப்பது போல. மூன்றாவது வெறும் பகட்டு: கண்ணாடி உறை, கலர் கலராகப் பொத்தான்.

இந்தத் துறையில் மூன்றாவதற்குக் கிடைக்கும் கைதட்டல் கொஞ்சம் அதிகம். உற்பத்தி நின்று இருபது ஆண்டுக்கு மேலான ஒரு பெட்டியை உடைத்துப் பார்க்கும்போது, “இந்த மாற்றத்தைப் பாட்டு கேட்டதா, பெருமை கேட்டதா?” என்று ஒரு தடவை யோசிக்க வேண்டாமா?

நமக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. மேல்நாட்டு வயலின் பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்கு வந்தது. சுருதி கூட்டும் முறையும் பிடிக்கும் முறையும் இங்கே மாறின. தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றிக்கொண்டதால் இடக்கை விடுபட்டுக் கமகத்துக்கு வழி பிறந்தது. அந்த மாற்றத்தைப் பாட்டு கேட்டது. அதனால் நிலைத்தது.

கேட்கத் தகுந்தவை

டெட்ரிஸ் விளையாட்டுக்காகக் ‘கொரோபெய்னிகி’ என்ற ருஷ்ய நாட்டுப்பாடலை இந்தப் பெட்டியில் அமைத்தவர் ஹிரோகாசு தனாகா. எந்தக் குரலுக்கு எந்த வேலை என்பதில் குழப்பமே இல்லாத அமைப்பு அது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதை முணுமுணுக்க முடிகிறதென்றால் பெட்டியின் புதுமை காரணமல்ல, மெட்டு காரணம்.

நியூயார்க்கின் ‘பிட் ஷிஃப்டர்’ கேம் பாயையே முழுக் கருவியாக்கி மேடை ஏறியவர். ஒரே பெட்டியிலிருந்து இவ்வளவு கனமான தாளம் வருவது வியப்புதான். ஆனால் வியப்பு அடங்கிய பிறகும் மனசில் நிற்கும் மெட்டுகளை அவரிடம் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. வட அயர்லாந்தின் ‘சிப்செல்’, 2012இல் வந்த ‘சூப்பர் ஹெக்ஸகன்’ விளையாட்டுக்குத் தந்த இசை இன்னொரு படி மேலே. ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பதே பெரும்பாடான அந்த விளையாட்டில், சுற்றிச் சுற்றி வரும் இந்த இசை ஆட்டத்தோடு ஒட்டிப் போகிறது. வேறு வாத்தியத்தில் அதே பாட்டை வாசித்தால் அந்தப் பதற்றம் வராது. கருவி தேவையாகிவிட்ட இடம் அது.

2003இல் ‘வயர்டு’ இதழில் மால்கம் மெக்லாரன் இதைப் புதிய பங்க் இசை என்று கொண்டாடினார். அது எதிர்ப்புக் கொடியைப் பார்த்த பார்வை. பாட்டைக் காது கொடுத்துக் கேட்ட விமரிசனம் அதில் குறைவு.

எல்லையா, பழக்கமா?

என் முக்கியமான குறை இனிமேல்தான் வருகிறது. இந்த இசையில் பெரும்பகுதி ஒரே நாலு நாலு எண்ணிக்கையில், ஒரே நடனக்கூட வேகத்தில் ஓடுகிறது. “பெட்டி அப்படி, என்ன செய்ய?” என்கிறார்கள். அது சரியல்ல. லிட்டில் சவுண்ட் டிஜேயில் ஒரு சொற்கட்டுக்கு 16 கட்டம் உண்டு என்பது உண்மை. ஆனால் வேண்டிய இடத்தில் வெட்டித் தாண்டும் கட்டளையும் அதிலேயே இருக்கிறது. 14இல் வெட்டினால் ஏழு எண்ணிக்கை, மிஸ்ர சாபு. 10இல் வெட்டினால் கண்ட சாபு. பெட்டி மறுக்கவில்லை. கைதான் பழக்கத்தை விடவில்லை.

சுரத்திலும் இதே கதை. மேல் ஸ்தாயியில் இந்தப் பெட்டிக்கு மெய்யான எல்லை உண்டு: 4000 ஹெர்ட்ஸ் பக்கம் அடுத்த படிக்குப் போக 124 ஹெர்ட்ஸ் தாவ வேண்டும், அது ஏறக்குறைய அரை சுரஸ்தான இடைவெளி. அங்கே சுருதி சுத்தம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் 250 ஹெர்ட்ஸ் அருகே ஒரு படி என்பது அரை ஹெர்ட்ஸ்தான். கமகத்துக்கு இது தாராளம். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே அதனால் போக முடியாது என்பது. ஆர்மோனியத்தால் ஆகாததை இந்த விளையாட்டுப் பெட்டி செய்யும்! சறுக்கவும் அசைக்கவும் கட்டளைகள் இருக்கின்றன. என்ன, ஒவ்வொரு அசைவையும் எண்ணாக எழுதிக் கொடுக்க வேண்டும். விரல் தானாகச் செய்வதை அறிவு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். பொறுமை வேண்டும் என்பதற்காகக் கருவிமேல் பழி போடலாமா?

எனவே நான் முன்வைக்கும் அளவுகோல் இதுதான். கருவியின் உண்மையான எல்லையை எங்கே வென்றார்கள் என்று பாராட்டுவோம். பழக்கத்தை எல்லை என்று சொல்லித் தப்பிக்கும் இடத்தில் கேள்வி கேட்போம். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் ஞாயிறு காலையில் பாட்டு வகுப்புக்கும் போகிறார்கள், மாலையில் கணினியிலும் உட்காருகிறார்கள். இரண்டும் தெரிந்த காது அவர்களுடையது. பழைய பெட்டிக்கு அலைய வேண்டியதுமில்லை. நானோலூப் இப்போது கைப்பேசியிலும் கிடைக்கிறது, 2021இல் வெளியான ‘அனலாக் பாக்கெட்’ கருவியிலும் உள்ளேயே வருகிறது.

அடுத்த முறை பிள்ளை இதைப் போட்டுக் காட்டினால் “சத்தத்தைக் குறைடா” என்பதற்கு முன் ஒரு பாட்டு முழுசாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, “மெட்டு எங்கே? ஏழு எண்ணிக்கையில் ஒண்ணு போடேன்” என்று கேளுங்கள். திட்டும் பாராட்டும் இதுவரை அவர்களுக்கு நிறையவே கிடைத்தாகிவிட்டது. தாளமும் சுருதியும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கேட்டுக் கருத்துச் சொல்வதுதான் கிடைக்கவில்லை.