அசாயே யானை

வில், புலி, கயல் மூன்றும் மூவேந்தர்க்குரிய பொறிகள் என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பொறி உடையவனைச் சுட்டும் என்பது இதனால் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆங்கிலேயப் பட்டாளங்களின் இலச்சினைகளுக்கு இவ்விதி பல இடங்களில் பொருந்துவதில்லை. லெஸ்டர்ஷயர் பட்டாளத்துக்கு 1825-இல் புலிச் சின்னம் அளிக்கப்பட்டது. இங்கிலாந்துக் காட்டில் புலி ஏது? அப்பட்டாளம் இந்தியாவில் பல்லாண்டு பணிபுரிந்ததன் அடையாளம் அது. அங்கே விலங்கு, சென்று போரிட்ட நாட்டைச் சுட்டுகிறது.

இவ்விரு முறைகளும் ஒரே யானையில் வந்து மோதுவதை மெட்ராஸ் ரெஜிமெண்டின் இலச்சினையில் காண்கிறோம். 1803 செப்டம்பர் 23-இல், இன்றைய மகாராட்டிரத்திலுள்ள அசாயே என்னும் சிற்றூரில், ஆர்தர் வெல்லெஸ்லி மராட்டியச் சேனையை வென்றார். யானையைக் கண்டு, யானைப்படை வென்ற போர் என எண்ணிவிடலாகாது. மராட்டியர் பீரங்கிகளை நோக்கிக் காலாட்கள் நடந்தே சென்று கைப்பற்றிய போர் அது. வென்ற பக்கத்தில் மட்டும் மாண்டவரும் காயமுற்றவரும் 1,500-க்கு மேல். அப்போரில் நின்ற பட்டாளங்களுக்கு ‘அசாயே’ என்னும் பெயரும் யானையுருவும் சிறப்பாக அளிக்கப்பட்டன. பெற்றவருள் ஸ்காட்லாந்தின் 74-ஆம் பட்டாளத்தாரும் உண்டு. சென்னைச் சிப்பாய்களும் உண்டு.

74-ஆம் பட்டாளம் 1881-இல் மற்றொன்றோடு இணைந்து ஹைலேண்ட் லைட் இன்பன்ட்ரி ஆயிற்று. அதன் சின்னத்தில் விண்மீன், ஊதுகொம்பு, முடி, எழுத்துகள் எல்லாம் நெருக்கியடித்து நிற்க, யானை ஊர்ப்பெயருக்கும் கீழே, சிறிதாக நிற்கிறது. கலைநோக்கில் அதைச் சிறந்த சின்னம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெட்ராஸ் ரெஜிமெண்டின் இலச்சினையிலோ கேடயமும் குறுக்கிட்ட வாள்களும் துணைநிற்க, யானையே தலைமை. ‘அசாயே’ என்ற சொல் அங்கில்லை. இந்தியரை எதிர்த்துப் பெற்ற போர்ப்பெருமைகளை விடுதலை இந்தியாவின் சேனை கொண்டாடுவதில்லை; அசாயேயும் அவற்றுள் ஒன்று. பெயர் போயிற்று; யானை நின்றது.

பெயரை விட்டவர்கள் யானையையும் விட்டிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எனினும் கொடுத்தவன் கருதிய பொருளோடு ஒரு பொறியின் பொருள் முடிந்துவிடுவதில்லை. பழஞ்சேரர் காசுகளில் ஒருபுறம் யானை, மறுபுறம் வில். நால்வகைப் படையுள் யானையை வைத்து எண்ணிய நாடு இது. ஸ்காட்லாந்தார்க்கு அவ்வுருவம் தாம் சென்றுவந்த தேசத்தின் குறி. சிப்பாய்க்கோ தன் மண்ணின் விலங்கு. கம்பெனி அதைப் புதிதாக அவனுக்குக் கொடுத்துவிடவில்லை.

வேடிக்கை என்னவெனில், போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரனுக்கே பரணி பாடுவது நம் மரபு. பரணிப் புலவர் வந்து பார்த்தால், யானை அடியில் நிற்கும் ஸ்காட்லாந்தார் சின்னமே அவருக்கு எளிதில் விளங்கும்.