மீறலுக்கு ஓர் ஊர் வேண்டும்: பத்தாயின் எழுத்தும் திருச்சித் திருவிழாக்களும்

ஜார்ஜ் பத்தாய் (1897–1962) பிழைப்புக்கு நூலகராக இருந்தவர். பாரிஸ் தேசிய நூலகத்தில் பழைய நாணயங்களோடு காலம் கழித்தார். பிற்காலத்தில் ஒர்லேயான் நகர நூலகத்தை நிர்வகித்தார். 1928இல் ‘கண்ணின் கதை’ என்ற சிறு நாவலை லார்ட் ஓஷ் என்னும் புனைபெயரில் வெளியிட்டார். காமமும் கொலையும் தெய்வநிந்தையும் கலந்த அந்த நூல் அவர் உயிரோடிருந்தவரை அவர் பெயரில் வரவில்லை. சொந்தப் பெயரில் அவர் எழுதியவை ‘உள் அனுபவம்’ (1943), ‘சபிக்கப்பட்ட பங்கு’ (1949), ‘எரோட்டிசம்’ (1957) போன்ற கோட்பாட்டு நூல்கள். தமிழில் சாரு நிவேதிதா அவரைப் பற்றித் தொடர்ந்து எழுதியிருக்கிறார். ஆயினும் ஆபாசத்தைத் துணிந்து எழுதியவர் என்பதோடு பல வாசகர்கள் நின்றுவிடுகிறார்கள். பத்தாயின் கனம் கோட்பாட்டு நூல்களில்தான் இருக்கிறது. அந்தக் கோட்பாட்டை உரசிப் பார்க்கத் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும்விடப் பொருத்தமான இடங்கள் குறைவு.

அவர் சொன்னவற்றில் இரண்டு முக்கியமானவை. முதலாவது செலவைப் பற்றியது. மார்செல் மோஸ் கொடை குறித்து எழுதிய ஆய்விலிருந்து தொடங்கி, எந்தச் சமூகமும் தன் தேவைக்கு மேல் உண்டாக்குகிறது, அந்த மிச்சத்தைப் பயன் கருதாமல் எரித்தே தீர வேண்டும் என்றார் பத்தாய். திருவிழா, பலி, கோபுரம், போர் எல்லாம் அவ்வாறு எரிவனவே. இரண்டாவது மீறலைப் பற்றியது. மீறுகிறவன் விலக்கை ஒழிப்பதில்லை. அதன் கனத்தை உடம்பில் உணர்ந்தபடி அதைத் தாண்டுகிறான். விலக்கு செத்துவிட்டால் மீறலும் செத்துவிடும். பத்தாய் இறந்த மறு ஆண்டு ஃபூக்கோ எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தப் புள்ளியிலிருந்தே தொடங்குகிறது.

திருச்சி புத்தூரில் குழுமாயி அம்மனுக்கு மாசியில் நடக்கும் குட்டிகுடித் திருவிழா பத்தாய்க்கென்றே அமைந்ததுபோல் தோன்றும். பக்தர்கள் தோளில் சுமந்து வரும் மருளாளி, நேர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தைக் குடிக்கிறார். மற்ற நாட்களில் எவரும் அருவருக்கும் செயல் அன்று மட்டும் அருளாகிறது. பலியில் ஒரு பொருள் பயன்பாட்டு உலகத்திலிருந்து பிடுங்கப்பட்டுப் புனிதத்துக்குப் போகிறது என்ற பத்தாயின் விளக்கம் இங்கே அப்படியே பொருந்துகிறது. பொருந்தாதது ஒன்றும் உண்டு. மருளாளி தனக்காகக் குடிப்பதில்லை. அம்மன் குடிக்கிறாள் என்பது கூடியிருப்போரின் நம்பிக்கை. குட்டி கொடுப்பவர், தோள் கொடுப்பவர், குடிப்பவர் என்று பொறுப்பு பலரிடம் பிரிந்து நிற்கிறது. பத்தாயும் 1936இல் ‘அசெஃபால்’ என்ற பெயரில் ஒரு ரகசியச் சங்கம் தொடங்கினார். புதிய சடங்கொன்றை உருவாக்குவதே நோக்கம். நரபலி வரை பேச்சுப் போனதாகவும், பலியாகச் சம்மதித்தவர் இருந்தும் வெட்ட யாரும் முன்வரவில்லை என்றும் சொல்லப்படுவதுண்டு. ஊர் இல்லாமல் சடங்கை உண்டாக்க முயன்றதன் தோல்வி அது. அவருடைய எழுத்தின் தனிமைக்கும் வேர் அங்கேயே இருக்கிறது.

ஸ்ரீரங்கத்து வேடுபறி பத்தாயின் மீறல் கோட்பாட்டை இன்னும் கடுமையாகச் சோதிக்கிறது. திருமங்கையாழ்வார் ஆலிநாட்டுத் தலைவர். நாள்தோறும் ஆயிரத்தெட்டு வைணவ அடியார்களுக்கு அமுது படைக்க ஒப்புக்கொண்டு, கைப்பொருள் தீர்ந்ததும் வழிப்பறியில் இறங்கினார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கொண்டுவந்து அரங்கத்தில் திருப்பணி செய்தார் என்ற கதையும் உண்டு. கோயில் இந்தக் களவை மறைக்கவில்லை. நான்காம் திருச்சுற்றுக்கு ஆலிநாடன் என்று அவர் பெயரையே வைத்திருக்கிறது. வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவில் இராப்பத்தின் எட்டாம் நாள் உற்சவரான நம்பெருமாள் தங்கக் குதிரையில் எழுந்தருளி ஆழ்வாரிடம் கொள்ளை கொடுக்கிறார், அதுவே வேடுபறி; கொள்ளையடித்தவருக்கே திருமந்திரமும் கிடைக்கிறது.

விலக்கும் மீறலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதற்குப் பத்தாய் தம் நூல்களில் தரும் பல சான்றுகளைவிட இது வலுவானது. ஆனால் அவருடைய அளவுகோல் இதை ஏற்காது. ‘உள் அனுபவம்’ நூலில் நோக்கம், திட்டம் எதையும் அவர் கடுமையாக விலக்குகிறார். நோக்கத்தோடு செய்யும் மீறல் அவர் பார்வையில் மீண்டும் அடிமைத்தனமே. ஆழ்வாரின் களவுக்கு நோக்கம் இருந்தது: அடியாரின் பசி. நோக்கம் இருந்ததால்தான் ஒரு சமூகம் அதைத் தன் நினைவில் ஏற்று ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறது. நோக்கமற்ற மீறலே தூயது என்றால், மிக நெடுங்காலம் நிலைத்த மீறல்களை விளக்க அந்தக் கோட்பாட்டால் முடியாது. இது அதன் பெரிய ஓட்டை.

பெண்களைப் பற்றி எழுதும் இடத்தில் இன்னொரு குறை தெரிகிறது. ‘கண்ணின் கதை’யின் சிமோன், 1941இல் வேறொரு புனைபெயரில் வந்த ‘மேடம் எட்வர்தா’வின் எட்வர்தா இருவரும் துணிச்சலானவர்கள், எட்வர்தா தன்னைக் கடவுள் என்றே சொல்கிறாள். என்றாலும் கதைசொல்லும் ஆண் எல்லையைத் தொடுவதற்கான வாசலாகவே அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு என்று ஒரு வழக்கு இல்லை. ஸ்ரீரங்கத்தில் அப்படியில்லை. பங்குனியில் நம்பெருமாள் உறையூர்க் கமலவல்லி நாச்சியாரிடம் போய்த் திரும்பியதும் ரங்கநாயகித் தாயார் கதவை அடைத்துவிடுகிறார். மட்டையடி என்று ஊர் சொல்லும் அந்தப் பிரணய கலகத்தில் பெருமாள் மீது பூப்பந்து விழுகிறது, விசாரணை நடக்கிறது, நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்கிறார். தாண்டியவர் பதில் சொல்லியாக வேண்டும். காமத்தைச் சாவோடு மட்டுமே கட்டிவைத்த பத்தாயிடம் இந்த ஊடலுக்கும் விளையாட்டுக்கும் இடமே இல்லை. மரபும் குறையற்றதன்று: தாயாருக்குப் படிதாண்டாப் பத்தினி என்று பெயர், ஆற்றைக் கடந்து போகிறவர் எப்போதும் பெருமாள்தான்.

செலவை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வியிலும் பத்தாய் மெலிந்துபோகிறார். அஸ்டெக் பலியை விரிவாக எழுதும்போது பலியானோர் போர்க் கைதிகள் என்பதை அவரே குறிப்பிடுகிறார்; கைதியின் பக்கம் நின்று யோசிப்பது அரிது. எந்தச் செலவு புனிதம், எந்தச் செலவு காட்டுமிராண்டித்தனம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பற்றியும் அவர் அதிகம் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்யும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் 2003இல் முடுக்கிவிடப்பட்டது. கிராமத் தெய்வங்களின் அடியார்கள் கொதித்தார்கள். 2004இல் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தச் சில மாதங்களில் குற்றமாக எண்ணப்பட்டது கிடா வெட்டு மட்டுமே. பெருங்கோயில்களின் பொன்னும் பட்டும் நெய்யும் பயன் கருதாத செலவுதான் என்றாலும், அவற்றை எந்தச் சட்டமும் தொடவில்லை.