நோ ரிட்டர்ன் (தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2)

நோ ரிட்டர்ன், 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2 ரீமாஸ்டர்ட்' என்னும் வீடியோ கேமில் இடம்பெற்ற, சுற்றுச் சுற்றாக ஆடப்படும் உயிர்பிழைப்புப் போர்முறை. நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கிய இதை சோனி 2024 ஜனவரி 19 அன்று பிளேஸ்டேஷன் 5 கருவிக்கு வெளியிட்டது. 2025 ஏப்ரலில் கணினிக்கும் வந்தது. ஒருவர் மட்டுமே ஆடக்கூடியது. ஒவ்வொரு கொலைக்கும் ஒரு விலை உண்டு என்று சொன்ன விளையாட்டிலிருந்து கதையை விலக்கி, சண்டையை மட்டும் எடுத்துக்கொண்ட முறை இது. எனவே வீடியோ கேம்களில் கதைக்கும் ஆட்டவிதிக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டாக அமைகிறது.

மூல விளையாட்டு

2013-ல் வெளிவந்த முதல் பகுதி, கோர்டிசெப்ஸ் என்னும் பூஞ்சைத் தொற்றால் அரசும் நகரங்களும் சிதைந்துபோன அமெரிக்காவில் நிகழ்கிறது. தொற்றுக்கு எதிர்ப்பாற்றல் கொண்ட எல்லி என்ற சிறுமியை ஜோயல் நாட்டின் குறுக்கே அழைத்துச் செல்கிறார். மருந்து கண்டறிய அவள் உயிரைப் பலிகொடுக்கவேண்டும் என்று தெரிந்ததும் மருத்துவமனையில் இருந்தவர்களைக் கொன்று அவளை மீட்கிறார். அங்கே இறந்த அறுவைச் சிகிச்சை மருத்துவரின் மகள் ஆபி.

2020 ஜூன் 19 அன்று வெளிவந்த இரண்டாம் பகுதியை நீல் டிரக்மன், ஹாலி கிராஸ் இருவரும் எழுதினர். இதில் ஆபி ஜோயலைத் தேடிவந்து கொல்கிறாள். பழிதீர்க்க எல்லி சியாட்டில் நகருக்குச் செல்கிறாள். கதையின் நடுவில் விளையாடுபவர் ஆபியாக மாறி, அதுவரை எதிரிகளாகக் கண்டவர்களின் வாழ்க்கைக்குள் நுழைய நேர்கிறது.

இந்த விளையாட்டில் எதிரிகளுக்குப் பெயர் உண்டு. ஒருவர் விழுந்தால் உடனிருப்பவர் அவர் பெயரைச் சொல்லிக் கதறுகிறார். வேட்டை நாயைக் கொன்றால் அதன் வளர்ப்பாளர் அலறுகிறார். நோரா என்ற பெண்ணை எல்லி வதைக்கும் இடத்தில், விளையாடுபவர் பொத்தானை அழுத்தாமல் கதை நகராது. வன்முறையைச் செய்பவர் அதன் பளுவையும் சுமக்கவேண்டும் என்பதே இதன் மையக்கருத்து.

ஆட்டமுறையின் முன்வரலாறு

அலை அலையாக வரும் எதிரிகளை எதிர்த்து நிற்கும் ஆட்டமுறை 2008-ல் பரவலாகப் புகழ்பெற்றது. அவ்வாண்டு வந்த 'கியர்ஸ் ஆஃப் வார் 2' விளையாட்டின் ஹோர்ட் முறையில் ஐவர் வரை சேர்ந்து 50 அலைகளைச் சந்திக்கலாம். அதே ஆண்டின் 'கால் ஆஃப் டியூட்டி: வேர்ல்ட் அட் வார்' விளையாட்டின் ஸோம்பி முறையில் சுற்றுகளுக்கு முடிவே இல்லை. எத்தனை சுற்று தாங்கினார் என்பதே ஆடுபவரின் பெருமை.

இன்னொரு மரபு 1980-ல் உருவான 'ரோக்' என்ற கணினி விளையாட்டிலிருந்து வருகிறது. ஒவ்வொரு முறையும் களம் மாறும். இறந்தால் தொடக்கத்திலிருந்து ஆடவேண்டும். இவ்விதிகளைப் பின்பற்றுபவை ரோக்லைக் எனப்படுகின்றன. நோ ரிட்டர்ன் இவ்விரு மரபுகளையும் இணைக்கிறது.

அமைப்பு

ஒரு முழு ஆட்டம் ஆறு மோதல்களால் ஆனது. ஆறாவது மோதலில் வலிமை மிக்க தலைமை எதிரி வருவார். மோதல்கள் நான்கு வகைப்படும்.

தாக்குதல்: அலைகளாக வரும் எதிரிகள் அனைவரையும் வீழ்த்தவேண்டும்.
வேட்டை: எதிரிகள் வந்துகொண்டே இருக்க, குறித்த நேரம் முடியும்வரை உயிரோடிருக்கவேண்டும்.
தாக்குப்பிடித்தல்: ஒரு துணையுடன் சேர்ந்து தொற்றாளர்களின் அலைகளைச் சமாளிக்கவேண்டும்.
கைப்பற்றல்: எதிரிகள் காவல் காக்கும் பெட்டகத்தை நேரத்துக்குள் அடையவேண்டும்.

மோதல்களுக்கு இடையே பதுங்கிடம் ஒன்று உண்டு. அங்கே ஈட்டிய நாணயத்தைக் கொண்டு ஆயுதம் வாங்கலாம், பணிமேசையில் துப்பாக்கியை மேம்படுத்தலாம், அடுத்த மோதலைத் தேர்ந்தெடுக்கலாம். மோதலின்போது இன்ன விதத்தில் எதிரியை வீழ்த்தினால் கூடுதல் பரிசு என்னும் சிறு பந்தயங்களும் வரும். எந்த இடத்தில் இறந்தாலும் ஆட்டம் அத்துடன் முடியும். அதுவரை சேர்த்த ஆயுதங்களும் போய்விடும்.

மாந்தர்கள்

வெளியீட்டின்போது பத்து மாந்தர்களாக ஆட முடிந்தது. எல்லி, டீனா, ஜெஸ்ஸி, டாமி, ஜோயல் ஒரு தரப்பு. ஆபி, லெவ், யாரா, மெல், மேனி மறு தரப்பு. ஒவ்வொருவருக்கும் தனித்தன்மை உண்டு. ஆபி கைகலப்பில் எதிரியைக் கொன்றால் அவள் உடல்நலம் சற்று மீளும். லெவ் வில்லோடு தொடங்குகிறான். யாராவுடன் லெவ் துணையாக வருகிறான். ஜோயலால் அடியை விலகித் தப்பிக்க இயலாது. வயதான உடலின் தளர்ச்சியை ஒரே விதியில் சொல்லிவிடும் இந்த அமைப்பு, பாத்திரப் படைப்பு வசனத்தால் மட்டும் நிகழ்வதில்லை என்பதற்குச் சான்று.

இந்தப் பத்துப் பேரில் ஜோயல், ஜெஸ்ஸி, மெல், மேனி, யாரா ஆகிய ஐவர் கதையில் இறந்தவர்கள். 2025-ல் பில், மார்லீன் இருவரும் சேர்க்கப்பட்டனர். மார்லீனை முதல் பகுதியிலேயே ஜோயல் சுட்டுக்கொன்றுவிடுகிறார். கதையில் சியாட்டில் பக்கமே வராத ஜோயல் இங்கே அந்நகரின் தெருக்களில் சண்டையிடுகிறார். 'திரும்புதல் இல்லை' என்று பொருள்படும் பெயர்கொண்ட ஆட்டமுறையில் இறந்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்திருக்கிறார்கள்.

மதிப்பீடு

2007-ல் விளையாட்டு வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 'பயோஷாக்' பற்றி எழுதிய விமர்சனத்தில், கதை ஒன்றைச் சொல்லும்போது ஆட்டவிதி வேறொன்றைச் சொல்லும் முரணைச் சுட்டிக்காட்டினார். நோ ரிட்டர்னை எதிர்ப்பவர்கள் முன்வைக்கக்கூடிய வாதமும் அதுவே. கொலை தரும் குற்றவுணர்வைப் பேசிய படைப்பு, அதே கொலைக்குப் பரிசும் புள்ளியும் கொடுக்கலாமா? இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வாஷிங்டன் விடுதலை முன்னணிக்கும் செராபைட்டுகளுக்கும் இடையிலான போருக்குக் கதையில் நிலம், நம்பிக்கை, முறிந்த உடன்படிக்கை என்று காரணங்கள் உண்டு. இங்கே ஒரு தரப்பு துப்பாக்கி ஏந்தியது, மறு தரப்பு சீழ்க்கையடித்து அம்பு எய்வது என்ற வேறுபாடு மட்டுமே எஞ்சுகிறது. சிதைந்த சமூகம் போய் எதிரி வகைகள் வந்துவிடுகின்றன. விழுந்தவரின் பெயரை ஒருவர் கூவினாலும் அது துயரமாக ஒலிப்பதில்லை. இன்னும் ஒருவர் அருகில் இருக்கிறார் என்ற தகவலாகவே காதில் விழுகிறது.

இது கூடுதலாகத் தரப்பட்ட பகுதிதானே, இதில் கதையின் அறத்தைத் தேடுவது எதற்கு என்று கேட்கலாம். ஆனால் இதில் உள்ள துப்பாக்கியும் கத்தியும் அசைவும் கதையில் இருந்தவையே. கதை நீங்கிய பின்னும் அந்தச் சண்டை சுவையாக இருக்கிறது என்றால், கதையின் நடுவிலும் அது சுவையாகத்தான் இருந்திருக்கிறது. குற்றவுணர்வைச் சுமந்தவை வசனமும் காட்சியும் இசையும். விரல்களுக்குக் கிடைத்தது இன்பமே. இந்த உண்மையை நோ ரிட்டர்ன் உருவாக்கவில்லை. மறைந்திருந்ததை வெளிக்காட்டியது.

எதிர்ப்பு வாதம் கவனிக்காத மறுபக்கம் ஒன்றும் உண்டு. ஆல்கஹாலும் துணியும் இருந்தால் மருந்துக்கட்டும் செய்யலாம், தீக்குண்டும் செய்யலாம். கதையில் இந்தத் தேர்வுக்குப் பெரிய விளைவு இல்லை. தவறினால் சில நொடிகளுக்கு முந்தைய செக்பாயிண்டிலிருந்து ஆட்டம் மீண்டும் தொடங்கும். ஜோயலின் மரணம் மீளாதது. எல்லியின் மரணமோ நூறு முறை மீளக்கூடியது. நோ ரிட்டர்னில் அதே தேர்வு ஒரு மணி நேர உழைப்பின் முடிவைத் தீர்மானிக்கும். கடைசித் தோட்டாவை இப்போது செலவிடுவதா, பந்தயத்துக்காகத் துணிவதா, மேசைக்கடியில் ஒளிந்து அலை கடக்கட்டும் என்று இருப்பதா என்ற தயக்கம் உண்மையாகிறது. உலகம் அழிந்தபின் உயிரோடிருப்பதன் அச்சத்தை இந்தச் சிறிய பகுதி மூல விளையாட்டைவிடக் கூர்மையாக உணர்த்துகிறது.

ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இப்படி வரையறுக்கலாம். கதையில் பிறர் சாவு மீளாதது, நம் சாவு மீளக்கூடியது. நோ ரிட்டர்னில் பிறர் சாவுக்குப் பொருளில்லை, நம் சாவு மட்டுமே இறுதியானது. முதலாவது அபாயம் இல்லாத துயரம். இரண்டாவது துயரம் இல்லாத அபாயம். உயிர்பிழைத்தல் என்ற அனுபவம் இரண்டாகப் பிரிந்து இரு இடங்களில் கிடக்கிறது. 2020 ஆகஸ்டில் மூல விளையாட்டுக்கு வந்த புதுப்பிப்பில், இறந்தால் மீண்டும் தொடக்கத்துக்கே போகும் நிரந்தர மரணத் தேர்வு சேர்க்கப்பட்டது. அதில் இரண்டும் ஒன்றுசேர வாய்ப்புண்டு. ஆனால் பல மணி நேரக் கதையை அவ்விதியோடு ஆடுவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்.

நோ ரிட்டர்னிலேயே அந்த இணைப்புக்கான ஒரு வாய்ப்பு இருந்தது. கதையில் யாரா தம்பி லெவ் தப்பிக்கத் தன் உயிரைக் கொடுக்கிறாள். இங்கே இருவரும் அருகருகே நின்று போரிடுகிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் காப்பதையே இலக்காகக் கொண்டு, ஒருவரின் இழப்பை அடுத்தடுத்த ஆட்டங்களும் நினைவில் வைத்திருக்கும்படி விதிகளை அமைத்திருந்தால், ஆட்டவிதியே துயரத்தைச் சுமந்திருக்கும். படைப்பாளிகள் அவ்வளவு தூரம் செல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் எல்லோரும் காயமின்றித் திரும்பி வருகிறார்கள்.

சண்டை வடிவமைப்பில் நோ ரிட்டர்ன் தேர்ந்த ஆக்கம். கதையின் தொடர்ச்சியாக மதிப்பிட்டால் அது குறைபட்டது. எனினும் வீடியோ கேம் விமர்சனம் பயில்பவர்கள் இரண்டாம் பகுதியின் கதையை முடித்த கையோடு இதையும் ஆடிப்பார்க்கவேண்டும். தாம் உணர்ந்த குற்றவுணர்வில் எவ்வளவு கதையால் வந்தது, எவ்வளவு தம் செயலால் வந்தது என்று பிரித்தறிய அது உதவும்.