முசிறிப் பாப்பிரஸில் கொங்கு இருக்கிறதா?

கோவை, ஈரோடு பக்கம் வரலாறு பேசுகிற கூட்டங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும். "முசிறியில் ஒரு தமிழ் வணிகரும் ஒரு கிரேக்க வணிகரும் போட்ட ஒப்பந்தம் இன்னைக்கும் வியன்னாவில் இருக்கு." கொஞ்சம் உற்சாகமான ஆளாக இருந்தால் கூடவே இன்னொன்றும் வரும். "அந்தக் கப்பலில் போனது நம்ம படியூர்க் கல்லு." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தப் பாப்பிரஸில் இது எதுவும் எழுதியிருக்கவில்லை. அதில் என்ன இருக்கு, என்ன இல்லை, இல்லாததை நாம் ஏன் அதில் படிக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பாப்பிரஸ் நைல் ஆற்றுச் சதுப்பில் ஆள் உயரத்துக்கும் மேலே வளர்கிற ஒரு கோரை. கரூர், நாமக்கல் பக்கம் காவிரிக்கரையில் பாய் நெய்யப் பயிர் பண்ணுகிறார்களே, அந்தக் கோரைக்கும் இதுக்கும் தாவரவியலில் ஒரே பேரினம்தான், சைபெரஸ். இங்கே அது பாய் ஆனது, அங்கே தாள் ஆனது. தண்டின் பச்சைத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை மெல்லிய பட்டைகளாகச் சீவுவார்கள். ஒரு அடுக்கை நெடுக்காகவும் அதன் மேல் இன்னொரு அடுக்கைக் குறுக்காகவும் வைத்து, அழுத்திக் காய வைத்தால் ஒரு தாள். தாள்களை ஒன்றோடொன்று ஒட்டினால் சுருள். நாரின் ஓட்டம் படுக்கையாக இருக்கும் பக்கத்தில்தான் வழக்கமாக முதலில் எழுதுவார்கள். அது தீர்ந்தால், அல்லது பழசானால், பின்பக்கமும் வீணாகாது.

முசிறிப் பாப்பிரஸிலும் இரண்டு பக்கமும் எழுத்து உண்டு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, மொழி கிரேக்கம். வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் பாப்பிரஸ் தொகுப்பில் இருக்கிறது. 1985-ல் ஹெர்மன் ஹரவுவரும் பீட்டர் சைபெஸ்டைனும் இதை முதலில் பதிப்பித்தார்கள். முன்பக்கம் ஒரு கடன் ஒப்பந்தத்தின் பகுதி. செங்கடல் துறைமுகத்தில் இறங்கும் சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைக்கணும், பாலைவனம் தாண்டி கோப்டோஸ் ஊருக்குக் கொண்டுபோகணும், அங்கே சுங்கக் கிடங்கில் கடன் கொடுத்தவரின் முத்திரைக்குக் கீழே வைக்கணும், பிறகு நைல் வழியாக அலெக்ஸாண்டிரியா, அங்கேயும் முத்திரை. நாலில் ஒரு பங்கு சுங்க வரி. தவணைக்குள் பணம் கட்டாவிட்டால் அடமானச் சரக்கை எடுத்துக்கொள்ளும் உரிமை கடன் கொடுத்தவருக்கு. சரக்கு கைமாறுகிற ஒவ்வொரு இடத்திலும் அது யார் பொறுப்பில் இருக்கு என்று பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிற விதம், மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்குப் பழக்கமான ஒரு மனசை ஞாபகப்படுத்தும். யாரையும் நம்பாத மனசு அது.

பின்பக்கம் ஹெர்மபொல்லான் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைப் பகுதியின் சடாமாஞ்சில் 60 பெட்டிகள், யானைத் தந்தம், தந்தத் துண்டுகள். கடைசியில் வரும் கூட்டுத்தொகை 1,154 தாலந்து 2,852 திராக்மா. ஒரு தாலந்து 6,000 திராக்மா. ஆக 69 லட்சத்துக்கும் மேல். அதுவும் வரி போக மீதிச் சரக்கின் மதிப்பு.

இப்போது நம்ம ஆட்கள் சொல்வதை ஒவ்வொன்றாக எடுப்போம்.

"தமிழ் வணிகர் கையெழுத்துப் போட்டார்." மிஞ்சியிருக்கும் பகுதியில் கடன் வாங்கியவர் பெயரும் இல்லை, கொடுத்தவர் பெயரும் இல்லை. "நான்", "நீ" என்றுதான் வருகிறது. பேச்சு முழுக்க எகிப்துக்குள்ளே சரக்கு நகர்வதைப் பற்றி. இரண்டு பேரும் எகிப்தில் தொழில் செய்தவர்கள் என்று எடுத்துக்கொள்வதுதான் இயல்பு. அதில் ஒருவர் தமிழர் என்று சொல்ல ஒரு எழுத்தும் இல்லைங்க.

"முசிறியில் எழுதியது." ஊர்ப் பெயர் ஒரு கடன் பத்திரத்தைக் குறிக்கும் தொடரில் வருகிறது. அந்தத் தொடரை 'முசிறியில் எழுதிய பத்திரம்' என்றும் படிக்கலாம், 'முசிறிப் பயணத்துக்கான பத்திரம்' என்றும் படிக்கலாம். அறிஞர்கள் இரண்டு பக்கமாகவும் நிற்கிறார்கள். ஒரு கிரேக்க முன்னிடைச்சொல்லின் மேல் ஒரு முழுக் கூட்டத்தின் கைதட்டலும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"மிளகு போனது." இது கொஞ்சம் வேறு ரகம். மிஞ்சிய வரிகளில் மிளகு என்ற சொல் இல்லை. ஆனால் தெரிந்த சரக்குகளைக் கூட்டினால் மொத்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அப்படியானால் கிழிந்துபோன பகுதியில் என்ன இருந்தது? ஃபெடரிகோ டி ரோமானிஸ் இதைக் கணக்குப் போட்டே பிடிக்கப் பார்த்தார். 2012-ல் வந்த அவர் கட்டுரையின் தலைப்பிலேயே சுடோகு என்ற சொல் இருக்கும். 2020-ல் தனி நூலாகவும் எழுதினார். பெரும்பங்கு மிளகு என்பது அவர் முடிவு. அகநானூறு 149-ஆம் பாட்டில் யவனர் கலம் முசிறியில் மிளகு ஏற்றிப் போவதாக வருகிற செய்தியோடும் அது பொருந்துகிறது. நம்பலாமா? நம்பலாம். ஆனால் அது கணக்குப் போட்டுக் கிடைத்தது, படித்துக் கிடைத்ததல்ல. டி ரோமானிஸ் எது படித்தது எது நிரப்பியது என்று பிரித்துக் காட்டுகிறார். அதை எடுத்துப் பேசுகிறவர்கள் அந்தப் பிரிவினையைத்தான் முதலில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

"படியூர்க் கல்லு." காங்கேயம் பக்கம் படியூரில் பெரில் கல் கிடைத்தது உண்மை. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில் அந்தக் கல்லை அறுத்துப் பட்டை தீட்டிய தடயங்களும் உண்மை. வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்ததும் உண்மை. கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்கு ஒரு பாதை ஓடியது என்பதற்கு இதெல்லாம் நல்ல சாட்சி. ஆனால் ஹெர்மபொல்லானின் மிஞ்சிய கணக்கில் கல் எதுவும் இல்லை. அடுத்த கப்பலில் போயிருக்கலாம், முந்தைய கப்பலில் போயிருக்கலாம். இந்தச் சீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் இப்படி என்றால் எதிர்ப்பக்கம் இன்னொரு கோஷ்டி. "அவனுங்க கணக்கு எழுதினான், நம்மாளு கவிதை எழுதினான்" என்று கிண்டல். இதையும் ஒத்துக்கொள்ள முடியாது. காரணம் எழுதுபொருளில் இருக்கு.

பாப்பிரஸ் பிழைத்தது எகிப்தின் வறண்ட மணலால். 2013-ல் செங்கடல் ஓரம் வாடி அல் ஜர்ஃபில் கிடைத்தவைதான் இதுவரை தெரிந்த எழுதிய பாப்பிரஸ்களில் மிகப் பழையவை. வயது சுமார் 4,600 வருஷம். அதில் காவியம் கிடையாது. கூஃபுவின் பிரமிடுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போன மெரர் என்ற மேற்பார்வையாளரின் தினக்குறிப்பு அதில் ஒன்று. ஆக்சிரிங்கஸ் என்ற ஊரில் கிரென்ஃபெல்லும் ஹன்டும் 1896-லிருந்து தோண்டி எடுத்ததும் குப்பைமேடுதான். வரி ரசீது, கடன் சீட்டு, வீட்டுக் கடிதம், நடுவே கொஞ்சம் இலக்கியம். மணல் எதையும் தேர்ந்தெடுக்காது, கிடைத்ததை எல்லாம் வைத்திருக்கும். ஆனால் அதே எகிப்தில், கடலோரத்து அலெக்ஸாண்டிரியாவில் ஈரத்தால் பாப்பிரஸ் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை. உலகத்தின் பெரிய நூலகம் இருந்த ஊர் அது. அதனால அலெக்ஸாண்டிரியாக்காரன் எழுதவே இல்லை என்று யாராவது சொல்வார்களா?

நம்ம பனையோலைக்கு மழையும் உண்டு, கரையானும் உண்டு, செல்லும் உண்டு. பக்குவப்படுத்தி எண்ணெய் தடவி வைத்தாலும் சில நூறு வருஷம்தான். அதுக்குள்ள யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பிரதி எடுத்தால்தான் அந்த நூல் அடுத்த தலைமுறைக்கு. யோசிச்சுப் பாருங்க, எதைப் பிரதி எடுப்பார்கள்? பாட்டை எடுப்பார்கள், இலக்கணத்தை எடுப்பார்கள், வைத்தியத்தை எடுப்பார்கள். அடைத்து முடித்த கடன் சீட்டை எவன் பிரதி எடுப்பான்? அதாவது ஓலை ஒரு வடிகட்டி. யாரோ ஒருவர் ஆசைப்பட்டது மட்டும்தான் அதன் வழியாக வரும். அந்த ஆசையும் சில நேரம் போதவில்லை. சேரர்களைப் பாடும் பதிற்றுப்பத்தை உ.வே.சா. 1904-ல் பதிப்பித்தபோது முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. கொடுமணத்து நகைகளைப் புகழும் நூல் அதுதான். பாட்டுக்கே அந்தக் கதி என்றால் கணக்குச் சீட்டுக்கு என்ன கதி?

ஆக, நம்மிடம் வணிக ஆவணம் கிடைக்காததை வைத்து 'இல்லை' என்று சொல்ல முடியாது. அதே காரணத்தால் 'கட்டாயம் இருந்தது' என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டாவது பாதிதான் நமக்குக் கசக்கும்.

நம்ம பக்கத்தில் வடிகட்டாத ஆவணம் என்று ஒன்று உண்டா? உண்டு, உடைந்த பானை. கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-லிருந்து செய்த அகழாய்வுகளில் எழுத்துள்ள பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பெரும்பாலும் ஆள் பெயர்கள். ஒரு ஓட்டில் வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல். கடலுக்கு அந்தப் பக்கம், செங்கடல் கரையில் பெரெனிகேயிலும் குசேர் அல் காதிமிலும் தமிழ் பிராமி கீறிய ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இதையெல்லாம் யாரும் ஆசைப்பட்டுப் பிரதி எடுத்து வைக்கவில்லை. உடைந்தது, எறிந்தார்கள், மிஞ்சியது. எகிப்துக் குப்பைமேட்டுத் தாளுக்குச் சமமாக நாம் வைக்கக்கூடியது இதைத்தான்.

என் மனக்குறை இதுதான். முசிறிப் பாப்பிரஸ் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். அது ஒரு எகிப்துக் கடன்காரரின் கோப்பு. முசிறிக்குக் கிழக்கே, கணவாய்க்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அதுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் அதுக்கு இல்லை. அந்தக் கதையைச் சொல்லக்கூடியது நொய்யல் கரையில் கிடைத்த ஓடுதான். ஒரு சொல், ஒரு பெயர், சில நேரம் பாதி எழுத்து. 69 லட்சம் திராக்மா என்கிற மாதிரி கைதட்டு வாங்காது. ஆனால் அதில் இருக்கும் சாத்தனும் ஆதனும் நாம் எழுதிச் சேர்த்த பெயர்கள் இல்லை. அவர்கள் காலத்திலேயே கீறியவை.