தேடல் தரவும் ஃபுளூ கணிப்பும்: ஒரு மதிப்பீடு

பொதுச் சுகாதாரக் கண்காணிப்பின் நெடுநாள் குறை தாமதம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் (சிடிசி), காய்ச்சலோடு இருமலோ தொண்டைவலியோ உள்ள நோயாளிகளின் விகிதத்தை மருத்துவர்களிடமிருந்து வாரந்தோறும் திரட்டினாலும், அது அறிக்கையாக வெளிவர ஓரிரு வாரங்கள் ஆயின. நிகழ்நேரத் தரவு, அதாவது ஒன்று நடக்கும்போதே பதிவாகிக் கைக்கு வரும் தரவு, இந்த இடைவெளியைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் 2008-இல் கூகுள் தொடங்கியதே ஃபுளூ டிரெண்ட்ஸ்.

ஐந்து கோடித் தேடல் தொடர்களைச் சிடிசியின் பழைய புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டு, அவற்றோடு சேர்ந்து ஏறி இறங்கிய 45 தொடர்களைத் தேர்ந்து, அவற்றைக் கொண்டு ஒரு நாள் தாமதத்தில் மதிப்பீடு தருவதே அதன் முறை. மருத்துவர் படிவம் நிரப்பக் காத்திராமல் வட்டாரவாரியாக நிலவரம் தெரிவது இதன் மறுக்க முடியாத பலம்.

ஆனால் இம்முறை அளந்தது நோயை அன்று, நோயைப் பற்றிய தேடலை. ஃபுளூ பருவத்திலேயே நடப்பதால் பள்ளிக் கூடைப்பந்து பற்றிய தேடலும் புள்ளிவிவரத்தோடு பொருந்தி வந்தது. அதை ஆய்வாளர்கள் விலக்க வேண்டியிருந்தது. குளிர்காலப் பழக்கத்தில் உருவான அக்கணிப்பு, 2009 வசந்தத்தில் பரவிய எச்1என்1 அலையைக் குறைத்து மதிப்பிட்டது. 2012-13 பருவத்திலோ சிடிசி கண்டதைப்போல் இரு மடங்குக்கு மேல் காட்டியது. செய்திகள் கிளப்பிய அச்சத்தால் நலமாக இருந்தவர்களும் தேடியதும், தேடுபொறியே சொற்களைப் பரிந்துரைத்ததும் இதற்குக் காரணங்களாகக் கருதப்பட்டன. பயன்படுத்திய தொடர்களின் பட்டியல் முழுமையாக வெளியிடப்படாததால், பிழையின் மூலத்தைப் பிறர் சரிபார்க்கவும் வழியில்லை. 2015-இல் அதன் வெளியீடு நின்றது.

இதனால் நிகழ்நேரத் தரவே பயனற்றது என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. டேவிட் லேசரும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் 'சயின்ஸ்' இதழில் காட்டியபடி, சிடிசியின் பழைய தரவை மட்டும் முன்னோக்கி நீட்டிய எளிய கணிப்பே ஃபுளூ டிரெண்ட்ஸை விஞ்சியது; இரண்டையும் இணைத்தபோதோ தனித்தனியே கிடைத்ததைவிடத் துல்லியமான முடிவு கிடைத்தது. வேகமான தரவு தவறியதை எடுத்துக்காட்டியதும், திருத்தத்துக்கு அடிப்படை தந்ததும் மெதுவான தரவே என்பதால், செலவைக் காரணம் காட்டி மருத்துவமனைவழிக் கணக்கெடுப்பைக் கைவிடும் அரசு, தன் எச்சரிக்கை பிழையானதா என்று அறியும் வழியையும் சேர்த்தே இழக்கும்.